கட்டம் போட்ட துணி

ஏதென்ஸ் நகரம் இன்னும் பெரிய பேர் எடுக்காத காலம். பளிங்குக் கோயில்கள் வரவில்லை. மேற்கு வாசலுக்கு வெளியே ஒரு சின்ன ஆறு, ஆற்றங்கரையில் குயவர் தெரு, தெருவை ஒட்டியே இடுகாடு. இருக்கிறவர்களுக்குத் தண்ணீர்ப் பானையும் போனவர்களுக்குக் கல்லறைப் பானையும் அந்த ஒரே தெருவில்தான் செய்தார்கள்.

அங்கே மெலித்தா என்றொரு பெண் பானைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வயது முப்பதுகூட இருக்காது. பேச்சு குறைவு. பேசினாலும் பாதிப் பேச்சு கேள்வியாகத்தான் இருக்கும். அவளைக் குரு என்று ஊரில் யாரும் பட்டம் கட்டவில்லை. கோட்டில் சந்தேகம் வந்தால் தலை நரைத்த குயவர்களும் அவள் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை அங்கே வந்து நின்றவர் குயவர் இல்லை. தெரோன் என்கிற மாலுமி. ஐம்பது வயதைத் தாண்டியவர். சுக்கான் பிடித்துப் பிடித்து ஒரு பக்கத் தோள் சாய்ந்துபோனவர்.

"அம்மா, எனக்குக் கோடு போடக் கற்றுத்தர வேண்டும்," என்றார்.

மகள் வயதுப் பெண்ணை அவர் அம்மா என்று கூப்பிட்டதும் உள்ளே ஒருவன் சிரித்துவிட்டான். சூளை பார்க்கிற பிர்ரியாஸ். மனசில் விஷம் கிடையாது, வாய்தான் நிற்காது.

மெலித்தா சிரிக்கவில்லை. "தூரிகை பிடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

"சுக்கான் பிடித்திருக்கிறேன்."

"அது உங்களைவிடப் பெரியது. இது விரலைவிடச் சின்னது."

"தெரியும் அம்மா."

"இப்போது எதற்கு இந்த ஆசை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வசந்தத்தில் எண்ணெய்ச் சாடிகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனவர் அவர். கோடையில் ஊரில் விஷக்காய்ச்சல். அவருடைய மனைவி இயாந்தே அதில் போய்விட்டாள். அவர் கப்பலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. இடுகாட்டில் ஒரு மண்மேட்டைக் காட்டினார்கள்.

"மேட்டின்மேல் இன்னும் பானை வைக்கவில்லை. நான் வந்து வைக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்," என்றார்.

"பானைதானே? நான் செய்து தருகிறேன்."

"வேண்டாம் அம்மா. அவள் போகும்போது என் கை அவள்மேல் படவில்லை. பானையிலாவது படட்டும். அவள் போன நாள் திரும்பி வருவதற்குள் நான் கற்றுக்கொள்ள வேண்டும்."

கல்லறைப் பானை என்றால் சோறு ஆக்குகிற பானையை நினைத்துவிடக் கூடாது. பெண்களின் மேட்டில் வைக்கிற பானை ஓர் ஆள் உயரம் நிற்கும். வயிற்றின் இரு பக்கமும் கைப்பிடி. அடியில் துளை. மேலிருந்து திராட்சை மதுவும் எண்ணெயும் ஊற்றினால் துளை வழியாக மண்ணுக்குள் இறங்கும், கீழே இருப்பவருக்குப் போய்ச் சேரும். பானையின் கழுத்திலிருந்து கால்வரை கோடுகள். வளையக் கோடு, ஏறி இறங்கும் பல்லுக் கோடு, மடக்குக் கோடு, வரிசையாக மேயும் மான்கள், மறுபடி கோடு. நடுவில் கைப்பிடிகளுக்கு இடையே மட்டும் ஒரு சாண் உயரமுள்ள ஒரு சின்னக் கட்டம். அதற்குள் கட்டிலில் கிடத்தப்பட்ட ஓர் உடல். இரண்டு பக்கமும் தலையில் கை வைத்து அழுகிறவர்கள்.

ஊர் திரும்பிய அன்று தெரோன் இடுகாட்டுப் பாதையில் அப்படி ஒரு பானைக்கு முன்னால் நின்றார். யாருடையதோ தெரியாது. அவர் கடலில் பார்க்காத அதிசயம் இல்லை, திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறார், நெருப்புக் கக்கும் மலையைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பானை அவரை நிறுத்திவிட்டது. இத்தனை கோடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு கட்டிலுக்குக் காவல் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றே முடிவு செய்ததுதான் இது.

மெலித்தா அவரை உள்ளே வரச் சொன்னாள்.

குளிர்காலம் முழுவதும் அவருக்குக் கிடைத்தவை உடைந்த ஓடுகள்தான். அவற்றில் மடக்குக் கோடு போடச் சொன்னாள். கோடு நேராகப் போகும், சட்டென்று திரும்பும், தனக்குள் மடியும், வெளியே வந்து மறுபடி நடக்கும். நம் வாசல்களில் கம்பிக் கோலம் போடுகிறவர்கள் கையை எடுக்காமல் இழுப்பார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

தெரோனின் கோடு முதலில் குடித்தவன் நடை நடந்தது. பிர்ரியாஸ் ஒவ்வொரு ஓட்டையும் எடுத்துப் பார்த்து, "மாலுமியாரே, இங்கே புயல் அடித்திருக்கிறது போலிருக்கே," என்பான். தெரோனுக்குக் கோபம் வராது. இன்னொரு ஓட்டை எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அம்மா, ஒரு பானையில் இத்தனை கோடு எதற்கு? மனிதர்களுக்கு விட்டிருப்பது ஒரு சாண் இடம்தானே?"

"கடலில் எவ்வளவு காலம் இருந்தீர்கள்?"

"ஆயுசு முழுக்க."

"கரையைப் பார்த்தது?"

"எப்போதாவது."

அவள் இன்னொரு ஓட்டை அவர் முன்னால் வைத்தாள்.  அன்றிலிருந்து அவர் கோடு கொஞ்சம் நிதானப்பட்டது.

பனி விலகியபோது மெலித்தா அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஈரச் சாக்கு சுற்றி ஒரு பானை நின்றது. பகுதி பகுதியாக வனைந்து ஒட்டிய பெரிய பானை. சாக்கை விலக்கினாள். ஒரு கோடுகூட இல்லாத வெறும் மண். அவர் நெற்றி உயரத்துக்கு இருந்தது.

"உங்கள் பானை," என்றாள்.

தெரோன் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். இயாந்தே இவ்வளவு உயரம் இல்லை. அவர் தோள் அளவுதான் வருவாள். ஆனால் அந்த வெறும் மண்ணின் முன்னால் அவருக்குச் சொல்ல முடியாத ஒரு பயம் வந்தது. கல்யாணத்தன்று முதன்முதலாக அவள் முன்னால் நின்றபோது வந்த பயம் அது.

"மண் முழுக்கக் காய்ந்துவிட்டால் கோடு ஒட்டாது. அதற்குள் முடிக்க வேண்டும்," என்றாள் மெலித்தா.

முடித்தார். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கினார். மெலித்தா பானையை அடியிலிருந்த தட்டோடு மெல்லச் சுற்றிக்கொடுத்தாள். வளையக் கோடு பிசகாமல் தொடங்கிய இடத்தில் வந்து முட்டியது. மடக்குக் கோடு நடந்தது. மான்கள் மேய்ந்தன. இரண்டு மான்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விடக் கூடாது, அங்கே ஒரு பூவோ பல்லுக் கோடோ வர வேண்டும், அது அந்தத் தெருவின் வழக்கம். பிர்ரியாஸ்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தான்.

கடைசியில் நடுக்கட்டம் மட்டும் மிஞ்சியது. அங்கே வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"அம்மா, நான் பார்க்காததை எப்படி வரைவது?"

மெலித்தா தூரிகையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"பார்த்தவர்களிடம் கேளுங்கள்," என்றாள்.

அவர் இயாந்தேயின் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் பெயர் அகாதே. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்றைக்கு எப்படிக் கிடத்தியிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"இப்போது அதை எதற்குக் கேட்கிறீர்கள், அத்தான்?"

"சொல்லு."

"வாசலைப் பார்த்துக் கால் நீட்டிக் கிடத்தினோம். நான் தலைமாட்டில் நின்றேன். தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். நல்ல வெயில். ஈ மொய்த்தது. அக்கா தறியில் ஒரு துணி நெய்து வைத்திருந்தாளே, கட்டம் போட்டது, நீங்கள் வந்தால் கட்டிலில் விரிக்க என்று. அதை எடுத்துப் போர்த்திவிட்டோம்."

"முகத்தையுமா?"

"முகத்தையும்தான்."

"கடைசியாக முகத்தைப் பார்த்தது யார்?"

"யாருக்கு ஞாபகம், அத்தான்? எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். யாரோ மூடினோம்."

அவர் திரும்பி வந்தார். நேராகப் போய்த் தூரிகையை எடுத்தார். கட்டிலை வரைந்தார், நான்கு கால். தலைமாட்டில் அகாதேயை வரைந்தார். தெருப் பெண்களை இரண்டு பக்கமும் நிறுத்தினார், இரண்டு பேரைக் கட்டிலுக்குக் கீழே உட்கார வைத்தார். எல்லோருக்கும் மார்பு ஒரு முக்கோணம், இடுப்பு ஒரு நூல், தலை ஒரு பொட்டு, இரண்டு கையும் தலைமேல். இடைவெளி விழுந்த இடமெல்லாம் பல்லுக் கோடு போட்டு அடைத்தார். பிறகு கட்டிலின்மேல் துணியைப் போர்த்தினார். ஒரு கட்டம் கருப்பு, ஒரு கட்டம் வெறும் மண். கட்டம் கட்டமாக, கட்டிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூடினார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

பிர்ரியாஸ் வந்து குனிந்து பார்த்தான்.

"எல்லாம் சரி. கட்டில்மேல் ஆளைக் காணோமே?"

"துணிக்குள் இருக்கிறாள்."

"எங்கே? கட்டம் போட்ட பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சுற்றி நின்று இவர்கள் ஏன் அழுகிறார்கள்?"

தெரோனின் முகம் சிவந்தது. குளிர்காலம் முழுவதும் வராத கோபம் அன்றைக்கு வந்தது.

"அவள் நெய்த துணியால் மூடித்தான் இருந்தது. அகாதே பார்த்தவள், அவள் பொய் சொல்லமாட்டாள். கூட இருக்கவில்லை என்கிற குற்றம் ஏற்கெனவே என் தலையில் இருக்கிறது. இட்டுக்கட்டி வரைந்தேன் என்கிற குற்றம் வேறு வேண்டாம்."

சத்தம் கேட்டு மெலித்தா வந்தாள். பானையைப் பார்த்தாள். கோபிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "இங்கே வாருங்கள்," என்று அவரைச் சுவரோரம் கூட்டிப்போனாள். அங்கே யாரோ ஒரு போர்வீரனுக்காகச் செய்த பானை நின்றது. அதில் ஒரு தேர்.

"தேருக்கு எத்தனை சக்கரம்?"

"இரண்டு."

"பக்கத்தில் நின்று பார்த்தால்?"

"ஒன்றுதான் தெரியும். ஒன்று மற்றதை மறைத்துவிடும்."

"இதில்?"

தெரோன் குனிந்தார். தேரின் கீழே இரண்டு சக்கரமும் அடுத்தடுத்து இருந்தன. ஆயிரம் தடவை பார்த்த படம்தான். இதுவரை அதை அவர் கவனித்ததே இல்லை.

"குதிரைகள்?"

இரண்டு குதிரை, எட்டுக் காலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இந்தப் பானையில் யாராவது யாரையாவது மறைத்துக்கொண்டு நிற்கிறார்களா?"

அவர் ஒவ்வொரு உருவமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பானையைச் சுற்றி வந்தார். மறைப்பு என்பதே அதில் இல்லை. நாற்காலியின் பின்கால்கள் தெரிந்தன. கேடயத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய கை வெளியே இருந்தது. 

"இல்லை," என்றார், குரல் இறங்கிப்போய்.

"உங்கள் கட்டிலில் அன்றைக்கு ஆள் இருந்தாரா?"

"இருந்தாள்."

"பானையில்?"

அவர் தம் பானையைத் திரும்பிப் பார்த்தார்.

மெலித்தா ஒரு கடற்பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். நேராகப் போய் அந்தத் துணியை, அவர் நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக நிரப்பிய துணியை, ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.

"ஐயோ, அம்மா!" என்று கத்திவிட்டார் தெரோன்.

கட்டில் வெறுமையாக இருந்தது. ஈர மண் பளபளத்தது. இரண்டு பக்கமும் பெண்கள் தலையில் கை வைத்தபடி அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 

மெலித்தா தூரிகையை அவர் கையில் கொடுத்தாள்.

"யார் படுத்திருக்கிறார்?"

"இயாந்தே."

"வரையுங்கள்."

  அவர் தூரிகையை மண்குழம்பில் தொட்டு, கட்டிலின் ஒரு முனையில் ஒரு பொட்டு வைத்தார். அதுதான் தலை. மூக்கு இல்லை, கண் இல்லை, எள்ளைவிடச் சற்றுப் பெரிதான ஒரு பொட்டு. அந்தத் தெருவில் யாருக்கும் அப்படித்தான் தலை வைப்பார்கள். ஆனால் பொட்டு விழுந்த கணம் அவருக்கு அது அவளாகிவிட்டது. இன்னொருத்தியாக இருக்க வழியே இல்லை. கழுத்தை இழுத்தார். மார்பின் முக்கோணத்தை நிரப்பினார். இடுப்பு, நீண்ட தொடை, சேர்த்து வைத்த கால்கள். வாசலைப் பார்த்த பாதங்கள்.

அவர் அழுதார். ஊர் வந்ததிலிருந்து அவர் அழவில்லை. மண்மேட்டைப் பார்த்து என்னவென்று அழுவது? இப்போது அவள் எதிரில் கிடந்தாள், அவரால் பார்க்க முடிந்தது. சத்தம்போட்டு அழுதார். பிர்ரியாஸ் எழுந்து வெளியே போய்விட்டான், அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

மெலித்தா காத்திருந்தாள். அழுகை அடங்கியதும், "துணி?" என்றாள்.

"வேண்டாம் அம்மா. இனி அவளை மூடமாட்டேன்."

"இயாந்தே தன் கையால் நெய்தது. அதுவும் அங்கே இருந்தது இல்லையா?"

"இருந்தது."

"மேலே போடுங்கள்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் விரலால் காட்டினாள். உடலுக்கு மேலே, கட்டத்தின் மேல்விளிம்புக்குக் கீழே, கொஞ்சம் இடம் இருந்தது. முன்பு அங்கே அவர் போட்டிருந்த பல்லுக் கோட்டையும் அவள் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மறுநாள் அவர் அந்தத் துணியை அங்கே வரைந்தார். ஒரு கட்டம் கருப்பு, ஒரு கட்டம் மண். உடலின் நீளத்துக்கு, உடலைத் தொடாமல், அந்தரத்தில் விரிந்து நின்றது துணி. அதன்கீழே இயாந்தே முழுவதுமாகத் தெரிந்தாள்.

அவர் பின்னால் நகர்ந்து பார்த்தார். நன்றாக இருந்தது. அப்போதுதான் நெஞ்சில் இன்னொன்று குத்தியது.

"அம்மா, நான் எங்கே நிற்பது?"

"இடம் இருக்கிறதா, பாருங்கள்."

பார்த்தார். தலைமாட்டில் அகாதே. கால்மாட்டில் பக்கத்து வீட்டுக்காரி. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தபடி இரண்டு பெண்கள். மிச்ச இடத்தையெல்லாம் அவரே பல்லுக் கோடு போட்டு அடைத்திருந்தார். ஒருவரை ஒருவர் மறைக்கவும் கூடாது. ஓர் ஆள் நிற்க விரலகலம் இடம் இல்லை.

"இல்லை," என்றார்.

"ஆமாம்," என்றாள் மெலித்தா. ஈரச் சாக்கை எடுத்துப்போட்டுவிட்டு, பானையை நிழலில் காய வைக்கச் சொன்னாள்.

தெரோன் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். வராதவனுக்கு இடம் இல்லை. நியாயம்தான் என்று தோன்றியது, ஆனால் வலித்தது. பிர்ரியாஸுக்கு அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கைப்பிடிக்குக் கீழே ஓரமாக ஓர் ஆளைக் கீறிவிடுங்களேன். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான் காதோடு காதாக.

"அங்கே நான் இல்லை, பிர்ரியாஸ். இல்லாதவனை எப்படி வரைவேன்?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பானை காய்ந்ததும் சூளையில் ஏற்றினார்கள். ஏற்றும்போது தெரோன் கிட்டே போய்ப் பார்த்தார். காய்ந்த பானையில் படம் சரியாகத் தெரியவே இல்லை. வெளிறிய மண்ணின்மேல் பழுப்புக் கோடு, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் உண்டு. கோடு போடுகிற குழம்பும் அதே மண்தான், நன்றாகக் கரைத்துத் தெளிய வைத்து வழித்தெடுத்த நுண்ணிய மண். வேறு நிறம் எதுவும் அதில் சேர்ப்பதில்லை.

"கருப்பு எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

"வந்தால் வரும். நெருப்பைக் கேட்க வேண்டும்," என்றான் பிர்ரியாஸ். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. சூளை எரிகிற நாளில் அவன் வேறு ஆள்.

முதலில் காற்றை உள்ளே விட்டு எரித்தான். சூளைக்குள் எல்லாம் சிவந்தது. பிறகு பச்சை விறகை உள்ளே தள்ளி, எல்லா ஓட்டையையும் சேறு பூசி அடைத்தான். உள்ளே புகை சுருண்டது.

"இப்போது உள்ளே எல்லாமே கருப்பு. பானையும் கருப்பு, கோடும் கருப்பு. ஒன்றும் தெரியாது," என்றான்.

"பிறகு?"

"பிறகு திறப்பேன். காற்று உள்ளே போனதும் வெறும் மண் பழைய சிவப்புக்குத் திரும்பிவிடும். கோடு திரும்பாது. நேரம் தப்பினால் ஒன்று, கோடும் சேர்ந்து திரும்பிவிடும். அல்லது எதுவுமே திரும்பாது."

தெரோன் சூளையின் அடைத்த வாயைப் பார்த்தார். இயாந்தே அந்த இருட்டுக்குள் இருந்தாள். இரண்டாவது தடவையாக அவளை மண்ணுக்குள் வைத்து மூடியிருந்தார்கள்.  மெலித்தா சற்றுத் தள்ளி நின்று புகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். 

பிர்ரியாஸ் காதைச் சூளைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மோந்து பார்த்தான். சட்டென்று கம்பியை எடுத்து அடைப்புகளைக் குத்தித் திறந்தான். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது.

சூளை ஆறும்வரை தெரோன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஆறிய பின் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வெயில் உள்ளே நுழைந்தது. பிர்ரியாஸ் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

செம்மண் நிறத்தில் பானை நின்றது. அதன்மேல் கருகருவென்று, எண்ணெய் பூசின மாதிரி மின்னிக்கொண்டு, எல்லாக் கோடும் வந்திருந்தது. ஒரு மடக்குகூட விட்டுப்போகவில்லை. மான்கள் வந்திருந்தன. நடுவே கட்டில், பெண்கள், அவள். அவளுக்கு மேலே கட்டம் போட்ட துணி. ஒரே மண், ஒரே நெருப்பு, அதிலிருந்து இரண்டு நிறம். தெரோன் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். கும்பிட வேண்டும்போல் இருந்தது, எந்தத் தெய்வத்தை என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த வேலையைப் பார்க்கிற பிர்ரியாஸும் தலையில் போட்டிருந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அவள் போன நாள் வந்தது. பானையை வண்டியில் வைக்கோல் போட்டு ஏற்றி, இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மேட்டில் குழி தோண்டிப் பானையின் காலைப் புதைத்து நிறுத்தினார்கள். தெரோன் மதுவையும் எண்ணெயையும் ஊற்றினார். அது உள்ளே வழிந்து மண்ணில் இறங்குகிற சத்தம் மெல்லக் கேட்டது.

தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் கசமுசாவென்ற பேச்சு நின்றது. அகாதே கிட்டே போய் முகத்தை வைத்துப் பார்த்தாள். விரலால் அந்தப் பொட்டைத் தொட்டாள்.

"அத்தான், அன்றைக்கு முழுக்க நான் தலைமாட்டிலேயே நின்றேன். அக்காவை நான் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்," என்றாள்.

 மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து பார்த்தார்கள். அழுதார்கள். பிறகு ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

மெலித்தாவும் தெரோனும் மட்டும் நின்றார்கள். அவர் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நிறைவு இருந்தது, ஆனால் முழுசாக இல்லை.

"என்ன?" என்றாள் மெலித்தா.

"எல்லாரும் இருக்கிறார்கள், அம்மா. அகாதே இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாள். கடன் வாங்கிய மாவைத் திருப்பித் தராமல் இயாந்தேயோடு சண்டை போட்டவள்கூட இருக்கிறாள். நான் மட்டும் இல்லை. இது நிற்கிற காலம்வரை நான் இல்லாமல்தான் நிற்கும்."

மெலித்தா பானையின் பக்கம் திரும்பினாள்.

"இவர்கள் கைகள் எங்கே இருக்கின்றன?"

"தலையில்."

"எல்லாருடைய கையுமா?"

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாருடைய கையும்தான். இரண்டு கையும்."

"அந்தத் துணி?"

"மேலே இருக்கிறது. அந்தரத்தில்."

"விழவில்லையே?"

"இல்லை." தெரோன் புருவத்தைச் சுருக்கினார். அவரே வரைந்ததுதான். ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு வந்ததே இல்லை. "யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அம்மா?"

மெலித்தா அவர் கையைப் பார்த்துச் சொன்னாள்:

"கடைசியாக வந்தவர்."